மஞ்சள் பெட்டியில் ஒரு குக்குறுவான்

குருபரப்பள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீ குடிக்க நின்றேன். கடைக்குப் பக்கத்தில் ஒரு அம்மா பிளாஸ்டிக் தட்டில் சப்பாத்திக்கள்ளிப் பழம் குவித்து வைத்து விற்றுக்கொண்டிருந்தார். நீ இருந்தபோது பாறையோரம் கேட்பாரில்லாமல் கிடந்த பழம். உடம்புக்கு நல்லது என்று யாரோ கிளப்பிவிட்டிருக்க வேண்டும், இப்போது காரை நிறுத்தி வாங்குகிறார்கள். எனக்கு ஒன்றை அறுத்து, உள்ளே இருக்கும் நட்சத்திர முள்ளை எடுத்துப் போட்டுவிட்டுக் கொடுத்தார். வாயில் போடுவதற்குள் விரல்களெல்லாம் சிவந்துவிட்டன. கைக்குட்டையைத் தேடிப் பைக்குள் கைவிட்டபோது உன் ஞாபகம் வந்தது. வரும் என்று எனக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் வாங்கினேன்.

இன்று கல்லறைத் திருநாள். நாங்களும் சர்ச்சுக்குப் போகிறவர்கள்தான், ஆனால் எங்கள் சபையில் இந்த வழக்கம் கிடையாது. செத்தவர்களைப் பற்றி எங்கள் அம்மா பேசவே மாட்டார், பேசினால் அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசுவார். உங்கள் வீட்டில்தான் கல்லறையைக் கழுவி, சாமந்திப் பூ போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, அங்கேயே உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவீர்கள். உன் வீட்டுக்காரர் போன் செய்து, வர முடிந்தால் வாங்க என்றார். ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்தேன். உங்கள் ஊருக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் ஆள் சேரட்டும் என்று காத்திருக்கும் நேரத்தில் இதையெல்லாம் உன்னிடம் சொல்லிவிடுகிறேன். அங்கே கூட்டம் இருக்கும். எனக்குக் கூட்டத்தில் பேச வராது என்பது உனக்குத் தெரியும்.

நான் கம்பெனியில் சேர்ந்த அன்று என்னை உன் மேஜையில்தான் உட்கார வைத்தார்கள். பிரேக்குக்குப் போகும் இரும்புத் துண்டு. அதில் விரிசல் இருந்தால் எங்கோ ஒரு வண்டி நிற்காது. அதனால் அந்தத் துண்டுக்கு மட்டும் இரண்டு பேர் பார்க்க வேண்டும், இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். சரியென்றால் பச்சைப் பெட்டி, கழிக்க வேண்டியதென்றால் சிவப்புப் பெட்டி. ஒருவர் சரி என்று மற்றவர் இல்லை என்றால் மஞ்சள் பெட்டி. மஞ்சளில் விழுந்தது மறுபடி பார்க்கப்படும் வரைக்கும் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. முதல் ஆள் என்ன சொன்னாள் என்று இரண்டாவது ஆளுக்குத் தெரியக் கூடாது. நீ பார்த்துவிட்டு முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு என் பக்கம் தள்ளுவாய். உன் புருவத்தைப் பார்த்து முடிவு சொல்ல நான் முயன்று பார்த்திருக்கிறேன். நடக்கவில்லை.

முதல் நாளே நான் ஒரு துண்டைக் கையில் எடுத்து, விரிசல் என்று சொல்லி சிவப்புப் பெட்டிக்கு நீட்டினேன். நீ வாங்கி, இடுப்பில் செருகியிருந்த வெள்ளைத் துணியால் ஒரு இழு இழுத்தாய். விரிசல் போய்விட்டது. துருப் பிடிக்காமல் இருக்கப் பூசும் எண்ணெய், கோடாகக் காய்ந்திருக்கிறது. "துடைச்சிட்டுப் பாரு. துடைக்காம பாத்தா பாத்ததே இல்ல," என்றாய். எனக்குக் கோபம் வந்தது. எளவு, இதைத் துண்டைக் கொடுக்கும்போதே சொல்ல வேண்டியதுதானே என்று முணுமுணுத்தேன். என் பேச்சைக் கேட்டு உனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நாகர்கோவில் பக்கமா என்று கேட்டாய். அன்றிலிருந்து, எங்கள் ஊர்க்காரர்கள் கூப்பிடுவது போல, நான் உனக்கு மக்கா. வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், மேஜையில் தமிழ் என்று பேசும் உன் வாயில் அந்த ஒரு சொல் மட்டும், ஒரு நாள் தவிர, என்றைக்கும் சரியாக வந்ததில்லை.

பறவை பார்க்கும் புத்தி உனக்கு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டதே இல்லை. சானமாவுக் காட்டுப் பக்கம் யானை ரோட்டைக் கடந்தால் கம்பெனி பஸ்ஸை நிறுத்திவிடுவார்கள். எல்லாரும் ஒரு பக்க ஜன்னலில் போய் மொய்ப்பார்கள், போனைத் தூக்கிப் பிடிப்பார்கள். நீ காலியான பக்கத்தில் உட்கார்ந்து மரத்தைப் பார்ப்பாய். யானை நாளைக்கும் வரும் என்பாய். சரி, பொழுது போகட்டும் என்று நானும் மரத்தைப் பார்த்தேன். மேஜைப் பழக்கம் அங்கேயும் வந்துவிட்டது. இருவரும் பார்ப்போம், வாயைத் திறக்க மாட்டோம். பஸ் கிளம்பிய பிறகு நான் மூன்று அடையாளம் சொல்ல வேண்டும், நீ மூன்று சொல்ல வேண்டும். ஒத்துப்போனால் பச்சை. பின் சீட்டில் இருப்பவர்களுக்கு நாம் என்ன பேசுகிறோம் என்றே புரியாது. மைனாவுக்கு இரண்டு கையெழுத்தா என்று சூப்பர்வைசர் ஒருமுறை கிண்டல் செய்தார்.

எங்கள் ஊர்ப் பறவையைப் பற்றி நான்தான் வாயை விட்டேன். மலையடிவாரத்தில், ரப்பர் தோட்டம் முடிந்து மழைக்காடு தொடங்கும் இடத்தில் ஒரு அத்தி மரம் இருக்கிறது. அது பழுத்தால் ஒரு பறவை வரும். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு, உடம்பு முழுக்க இலைப்பச்சை, நெற்றி கன்னம் தொண்டை நெஞ்சு வரைக்கும் ஒரே சிவப்பு. குங்குமக் கிண்ணத்தில் முகத்தைப் புதைத்து எடுத்த மாதிரி. மலபார் குக்குறுவான் என்று பிறகு புத்தகத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டோம். நீ சாப்பாட்டுக் கையோடு என் போனைப் பிடுங்கி, அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாய். தொண்டையெல்லாம் சிவப்பா என்று நம்பாமல் கேட்டாய். ஈஸ்டர் லீவுக்கு உங்க ஊருக்கு வர்றேன், எனக்கு அதைக் காட்டு என்றாய். அந்த ஈஸ்டருக்கு உனக்கு வயிற்றுவலி. அடுத்த ஈஸ்டருக்கு அது வெறும் வயிற்றுவலி இல்லை என்று பெங்களூரில் சொல்லிவிட்டார்கள்.

பிறகு நீ வேலைக்கு வரவில்லை. வார விடுமுறைக்கு நான் உன் வீட்டுக்கு வந்தேன். அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூர் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வந்த வாரமென்றால் படுத்திருப்பாய், இல்லாத வாரமென்றால் பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாய். எதிரே பாறை, பாறை அடியில் கள்ளிப் புதர், அதற்கு மேலே ஒரு அரசமரம். அவ்வளவுதான் உன் காடு. உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் கேட்க மாட்டேன், நீயும் சொல்ல மாட்டாய். கம்பெனியில் யார் யாரோடு சண்டை என்று சொல்வேன். மழைக்காட்டைப் பற்றி மட்டும் நீ கேட்டுக்கொண்டே இருப்பாய். அட்டை கடிக்குமா, வெயிலே விழாதா, அந்த மரத்துக்குக் கீழே நாற்காலி போட இடம் இருக்குமா. நாற்காலி போட இடம் இருக்கிறது என்று சொன்னேன். பொய் இல்லை, இருக்கிறது.

ஒரு வாரம் நான் வந்தபோது நீ நாற்காலியில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாய். பேசாதே என்று கையைக் காட்டினாய். கள்ளிப் புதரைக் காட்டினாய். ஒரு மடல் ஆடியது. மடலுக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எழுந்தது. பச்சை முதுகு. நெற்றி சிவப்பு, கன்னம் சிவப்பு, தொண்டை சிவப்பு, அப்படியே நெஞ்சு வரைக்கும் இறங்கியிருந்தது. மறுபடி குனிந்து பழத்துக்குள் தலையை முழுக்க விட்டது. அது கத்தியிருந்தால் ஏதாவது துப்பு கிடைத்திருக்கும். வாய் நிறையப் பழம், எங்கே கத்தும்? கொஞ்ச நேரத்தில் பாறைக்கு அந்தப் பக்கம் பறந்துவிட்டது.

வழக்கப்படி நான் முதலில் அடையாளம் சொல்ல வேண்டும். உன் முகம் இந்தத் தடவை கல்லாக இல்லை. மூன்று நாளாகப் பார்க்கிறாய் என்றும், நான் வரட்டும் என்று வேறு யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறாய் என்றும் உன் வீட்டுக்காரர் உள்ளிருந்து சொன்னார். உனக்காக அதுவே தேடி வந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் உன் மேஜையில் உட்கார்ந்து பழகியவள் நான்.

"கெடையாது பிள்ளே. அது மழைக்காட்டுப் பறவை. இந்தக் காஞ்ச பாறைக்கு வராது," என்றேன்.

நீ என்னைப் பார்க்கவில்லை. புதரையே பார்த்துக்கொண்டு சொன்னாய்: "எடத்தப் பாத்து ரிஜெக்ட் போடறியா? சப்ளையர் பேரப் பாத்து முடிவு பண்ணக் கூடாதுன்னு நீதான எல்லார்கிட்டயும் சண்டை போடுவ. நீயே எங்கிருந்தோ இங்க வந்து உக்காந்துனு இருக்க. அது வரக் கூடாதா?"

நீ கேட்டது நியாயம். வயிற்றைப் பார்த்தாயா என்று கேட்டேன். எந்த ஊரிலும் வீட்டுத் தோட்டத்துக்கே வரும் செம்மார்புக் குக்குறுவானும் இதே அளவுதான். நெற்றியும் நெஞ்சும் சிவப்பு, தொண்டை மட்டும் மஞ்சள், வயிற்றில் பச்சைக் கோடு கோடாக இருக்கும். காட்டுப் பறவைக்கு வயிற்றில் கோடு இல்லை. நீயும் வயிறு பார்க்கவில்லை. மடல் மறைத்துவிட்டது. அப்ப மஞ்சள் பெட்டி என்றாய். நீ பச்சை என்று சொல்லியிருக்கலாம். உன் வீடு, உன் பறவை, உன் ஆசை. ஆனாலும் மஞ்சள் என்றாய். பஸ்ஸில் திரும்பும்போது நான் ஜெபம் செய்தேன், அதைச் சொன்னால் சிரிப்பாய். உன் உடம்புக்காக மற்றவர்கள் செய்துகொண்டிருந்தார்கள். நான் அந்த வயிற்றில் கோடு இருக்கக் கூடாது என்று செய்தேன்.

அடுத்த வாரம் வந்தபோது மருந்தினால் உன் வாயெல்லாம் புண்ணாகியிருந்தது. கஞ்சியைக்கூட விழுங்க முடியவில்லை. உன் வீட்டுக்காரர் கள்ளிப்பழம் பறித்து, கல்லில் தேய்த்து முள் போக்கி, பிசைந்து கிண்ணத்தில் கொண்டு வந்தார்.

"சாத்துக்குடி எரியுதுங்குறா. இது நாக்குக்கு எதமா இருக்குமேன்னு," என்று என்னிடம் மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னார்.

நீ ஸ்பூனைத் தள்ளிவிட்டுக் கிண்ணத்தோடு குடித்தாய். பசியா, தாகமா தெரியவில்லை, மூச்சு விடாமல் குடித்தாய். கிண்ணத்தை இறக்கியபோது உன் உதடு, தாடை, தொண்டை, நைட்டியின் கழுத்து வரைக்கும் ஒரே சிவப்பு. நான் உன்னைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன் போலிருக்கிறது. நீ என் கண்ணைப் பார்த்தாய், பிறகு மெதுவாகக் கையைத் தூக்கித் தாடையைத் தொட்டு, விரலைப் பார்த்தாய். விரலிலிருந்து கள்ளிப் புதருக்குப் போனது உன் பார்வை. உன் வீட்டுக்காரர் துண்டை எடுத்துக்கொண்டு வந்தார். அவரை நிற்கச் சொல்லிக் கையைக் காட்டினாய்.

"துடைக்காம பாத்துட்டோம், மக்கா," என்றாய்.

அன்றைக்கு அந்தச் சொல் உன் வாயில் சரியாக வந்தது. அதற்கப்புறம் நீ சிரித்தாய். புண் வலிக்க வலிக்கச் சிரித்தாய். பகல் முழுக்க இரும்பைத் துடைத்துத் துடைத்துப் பார்த்த இரண்டு பேர், பழச்சாற்றை நிறம் என்று நம்பி ஒரு வாரம் மஞ்சள் பெட்டியில் வைத்திருந்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகை வந்தது, உன் எதிரே அழுதேன். நாம் பழகிய காலத்தில் அது ஒரு தடவைதான். போதும், ஸ்வல்ப மூக்கைத் துடை என்றாய், கன்னடமும் தமிழுமாக.

அப்போதே அதைச் சிவப்பில் போட்டுவிடலாம் என்றேன். நீ ஒப்புக்கொள்ளவில்லை. உனக்கே தெரியும், இருந்தும் ஒப்புக்கொள்ளவில்லை. பறவையை எப்படித் துடைப்பாய் என்று கேட்டேன். மழை துடைக்கும் என்றாய். மழை நான் வந்த வாரங்களில் பெய்யவில்லை. கிருஷ்ணகிரி வானத்தை நம்பி யார் என்ன செய்ய முடியும்? மூட்டம் போடும், இடிக்கும், கலைந்து போகும். கம்பெனியில் மேஜையில் உட்கார்ந்துகொண்டு நான் ஜன்னல் வழியே மேகத்தையே பார்த்தேன். உனக்கு நேரம் குறைந்துகொண்டே வருகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கடைசியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலையில் சர்ச்சுக்குப் போகாமல் முதல் பஸ் பிடித்து வந்தேன். உன் வீட்டுக்காரர் உன்னை நாற்காலியோடு தூக்கிப் பின்வாசலில் வைத்திருந்தார். இரண்டு போர்வை. அரசமரத்தின் மொட்டைக் கிளையில் அது நனைந்த இறகைச் சிலிர்த்துக்கொண்டு வெயிலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. தொண்டை பளிச்சென்று மஞ்சள். கண்ணைச் சுற்றி மஞ்சள். வயிறு முழுக்கப் பச்சைக் கோடு. போதாததற்கு வாயைத் திறந்து, பட்டறையில் செம்பு தட்டுவது போல டொங்க், டொங்க் என்று ஆரம்பித்தது. இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

இருவரும் அடையாளம் சொன்னோம். ஒத்துப்போயிற்று. நான் உன் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். நீ அந்தப் பறவையையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு சொன்னாய்:

"கல்யாணம் ஆகி வந்ததுலேர்ந்து இந்தச் சத்தத்தக் கேட்டுனு இருக்கேன். எவனோ பட்டறையில தட்டறான்னு நெனச்சேன். இதுதானா? எவ்ளோ அழகா இருக்குது பாரு. இத எதுக்கு நாம சிவப்புல போடணும்? பேரத் திருத்திப் பச்சையில போடு."

போட்டேன். அதற்குப் பின் நீ எங்கள் ஊர்க் காட்டைப் பற்றிக் கேட்கவில்லை. கிளம்பும்போது மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டாய். அந்தச் சிவப்பு மூஞ்சியை நீ போய்ப் பார் என்றாய். பார்த்துவிட்டு வந்து அழகாக இருந்தது, அப்படி இருந்தது என்று கதை விடாதே, துடைத்துப் பார்த்தாயா என்றுதான் கேட்பேன் என்றாய். சரி என்றேன். அடுத்த வாரம் நான் வந்தபோது வாசலில் செருப்பு நிறையக் கிடந்தது.

நீ இல்லாதது எனக்குப் பிடிக்கவில்லை. அதைத் தவிர வேறு பெரிய வார்த்தை எதுவும் எனக்கு வரவில்லை. மேஜையில் புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். தர்மபுரிப் பக்கம். நல்லவள், துடைத்துத்தான் பார்க்கிறாள். முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ள இன்னும் பழகவில்லை. அவள் புருவத்தைப் பார்த்தே எனக்கு முடிவு தெரிந்துவிடுகிறது. அதனால் நான் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை.

போன லீவுக்கு ஊருக்குப் போனேன். அத்தி பழுத்திருந்தது. அம்மாவின் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மரத்தடியில் போட்டு உட்கார்ந்தேன். தோட்டத்துக்குப் போகிறவர்கள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். இரண்டாம் நாள் வந்தது. பச்சை உடம்பு, நெஞ்சு வரைக்கும் சிவப்பு. அது போதும் என்று சின்ன வயதில் எழுந்து போயிருப்பேன். இப்போது முடியவில்லை. அந்த அத்திப்பழமும் உள்ளே சிவப்புத்தானே என்று தோன்றிவிட்டது. எங்கள் ஊரில் மழைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மத்தியானம் பிடித்துக்கொண்டது. குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அட்டை ஏறியது, பிடுங்கிப் போட்டேன். பறவை இலைக்குக் கீழே போகாமல் வெட்டவெளிக் கிளையில் உட்கார்ந்து நனைந்தது. தண்ணீர் அதன் தொண்டையில் ஓடி, வயிற்றில் ஓடி, சொட்டியது. வயிற்றில் ஒரு கோடு இல்லை. மழை விட்டது, வெயில் வந்தது, அது உதறிக்கொண்டது. சிவப்பு போகவில்லை.

துடைத்துப் பார்த்தேன். அதுதான்.

மூன்று அடையாளத்தையும் வாய்விட்டுச் சொன்னேன். சொல்லிவிட்டுப் பழக்கதோஷத்தில் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். நாற்காலி ஒன்றுதான் கொண்டு போயிருந்தேன்.

ஷேர் ஆட்டோ நிறைந்துவிட்டது, டிரைவர் கூப்பிடுகிறார். மீதிப் பழத்தைப் பையில் போட்டுக்கொண்டேன், பூவோடு சேர்த்து உன் தலைமாட்டில் வைக்க. விரலை இன்னும் துடைக்கவில்லை. எங்கள் ஊர்ப் பறவையைப் பச்சைப் பெட்டியில் போட எனக்கு ஆசைதான். எனக்குத் துளி சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு கையெழுத்துதான் இருக்கிறது. நீ பார்க்காமல் நான் எப்படிப் போடுவது? மஞ்சளிலேயே இருக்கட்டும்.